கண்ணுக்குத் தெரியாததை அளந்து பார்த்தல்

(ஆதரவாளர் தினக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



எக்ஸ்ரே கதிர்களைப் பற்றிப் பேசுவதற்கு மருத்துவமனைப் போதகரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். ஸ்கேன் அறைக்குள்ளே டாக்டரும் டெக்னீஷியனும் இருக்கிறார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களோடு உட்கார்ந்திருப்பது எங்கள் வேலை. அந்தப் பெஞ்சில் நாங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகைதான்.

"ஐயா, இந்தக் கதிர் பட்டா புற்றுநோய் வரும்னு சொல்றாங்களே, எடுக்கலாமா?" என்பது ஒன்று. "ஐயா, டாக்டர் வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டார். நீங்க சொல்லி ஒரு ஸ்கேன் எடுக்க வையுங்களேன்" என்பது மற்றொன்று. முதலாமவர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார். இரண்டாமவர் அளவுக்கு மீறி நம்புகிறார். எவ்வளவு கதிர் படுகிறது, அது எதற்குச் சமம் என்று ஒருவர் பொறுமையாகச் சொன்னால் இருவருக்கும் உதவியாக இருக்கும். ஆகவே எங்கள் மருத்துவமனையின் இயற்பியலாளரிடமும் டெக்னீஷியன்களிடமும் பல நாட்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கை சிவந்தால் போதும் என்றிருந்த காலம்

ஜெர்மனி தேசத்தின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் என்ற பேராசிரியர் 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இந்தக் கதிர்களைக் கண்டார். அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் விரலில் இருந்த மோதிரமும் படத்தில் தெரிந்தன. சில மாதங்களுக்குள் உலகெங்கும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, படும்போது சுடுவதும் இல்லை. அதை அளக்கக் கருவியும் அன்று இருக்கவில்லை. ஆகவே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு அந்த நாள் மருத்துவர்கள் தங்கள் கையையே கதிருக்கு முன் நீட்டிப் பார்த்தார்கள். தோல் சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அளவாக இருந்தது. தினந்தோறும் இப்படிச் செய்தவர்களின் கைகள் முதலில் புண்ணாயின, பிறகு அழுகின. அமெரிக்காவில் எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் இரு கைகளையும் இழந்து 1904-ஆம் ஆண்டில் மரித்தார். எடிசன் அதற்குப் பின் எக்ஸ்ரே ஆராய்ச்சியைத் தொடவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு மருத்துவமனை வளாகத்தில் 1936-ஆம் ஆண்டில் இவர்களைப் போன்றவர்களுக்காக ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். 1959-க்குள் அதில் 350-க்கும் அதிகமான பெயர்கள் சேர்ந்துவிட்டன. பிறரைக் குணமாக்கப் போய்த் தங்கள் உயிரைக் கொடுத்த மருத்துவர்கள், தாதிகள், தொழில்நுட்பர்கள் அவர்கள். அளவு தெரியாமல் போனதற்கு அவர்கள் கொடுத்த விலையில்தான் இன்றைய பாதுகாப்பு முறைகள் பிறந்தன.

1928-ஆம் ஆண்டில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் உலகக் கதிரியல் மருத்துவர்கள் கூடினார்கள். அங்கே கதிருக்கு ஒரு பொது அளவு நிர்ணயமாயிற்று. அதற்கு ரான்ட்ஜன் என்று பெயரிட்டார்கள். பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசக் குழுவும் அங்கேயே அமைந்தது. இன்றைக்கும் உலக நாடுகள் அந்தக் குழுவின் ஆலோசனைகளைத்தான் பின்பற்றுகின்றன.

கிரேயும் சீவர்ட்டும்

இன்று இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று கிரே. லூயிஸ் ஹெரால்ட் கிரே என்ற ஆங்கில இயற்பியலாளரின் பெயர் அது. ஒரு கிலோ எடையுள்ள தசை, ஒரு ஜூல் அளவு கதிர்ச் சக்தியை உள்வாங்கினால் அது ஒரு கிரே. மற்றொன்று சீவர்ட். இது ரால்ஃப் சீவர்ட் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளரின் பெயர். உடலின் எல்லா உறுப்புகளும் கதிருக்கு ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. எலும்பு மஜ்ஜை, நுரையீரல், மார்பகம் போன்றவை அதிகம் பாதிக்கப்படும். தோலும் எலும்பும் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. இந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்து, முழு உடலுக்கும் சேர்த்துச் சொல்லும் அளவு சீவர்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். பிணியாளிகளைப் பற்றிப் பேசும்போது மில்லிசீவர்ட் கணக்கே போதும்.

நாலு கிரே அளவு கதிர் முழு உடம்பிலும் ஒரே நேரத்தில் பட்டால், சிகிச்சை கிடைக்காத பட்சத்தில் பாதிப்பேர் பிழைப்பது அரிது. ஆனால் அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினாலும் உடம்பின் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு மிடறு சூடான காப்பி தருகிற வெப்பத்தைவிட அது அதிகமல்ல. கதிர் செய்யும் கேடு சூட்டினால் வருவதல்ல. உயிரணுவுக்குள்ளே இருக்கும் மரபு இழைகளை அது அறுப்பதனால் வருகிறது. நம் உடம்பு அதை உணராது. ஆகவே கருவிதான் சொல்லவேண்டும்.

இயற்கையிலேயே நம் எல்லார்மீதும் கதிர் பட்டுக்கொண்டிருக்கிறது. வானத்திலிருந்தும், மண்ணிலிருந்தும், சுவாசிக்கும் காற்றிலிருந்தும், உண்ணும் உணவிலிருந்தும் அது வருகிறது. உலக சராசரி ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலும், கேரளத்தின் கருநாகப்பள்ளி கரையிலும் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே இது இன்னும் அதிகம்.

இதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு சுமார் 0.02 மில்லிசீவர்ட். மூன்று நாள் சும்மா வீட்டில் இருந்தாலே அவ்வளவு கதிர் நம்மேல் படும். தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட், அதாவது பத்து மாதத்துக் கணக்கு. மார்பு சி.டி. ஸ்கேன் சாதாரணமாக சுமார் 7, வயிறு சி.டி. ஸ்கேன் சுமார் 8 முதல் 10 வரை. இவை மூன்று, நான்கு வருடத்துக் கணக்கு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் இந்தக் கதிர் அறவே இல்லை. "ஸ்கேன்" என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அழைப்பதால் ஜனங்கள் குழம்புகிறார்கள். அல்ட்ராசவுண்டுக்குப் பயப்படுகிற கர்ப்பிணிகளை நாங்கள் வாரந்தோறும் சந்திக்கிறோம்.

எங்கே, எப்படி அளக்கிறார்கள்?

மூன்று இடங்களில் அளவு நடக்கிறது.

முதலாவது, ஊழியர்மீது. எங்கள் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறவர்கள் மார்பில் ஒரு சிறு அட்டையைக் குத்தியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மூன்று சிறு வில்லைகள் இருக்கின்றன. கதிர் பட்டால் அந்த வில்லை அதன் சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கும்போது அதை ஒளியாக வெளியிடும். எவ்வளவு ஒளி வருகிறதோ அவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த அட்டைகள் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்வரும். நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி ஊழியர் ஒருவருக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் அந்த அட்டையை அணிந்தால் கதிர் அண்டாது என்று நினைக்கிறார்கள். அட்டை தாயத்து அல்ல. அது காக்காது, பட்டதைச் சொல்லும், அவ்வளவே. காப்பது ஈய ஏப்ரனும், தூரமும், குறைந்த நேரமும்தான்.

இரண்டாவது, இயந்திரத்தில். சிறு அறை போன்ற ஒரு குழாயில் காற்றை அடைத்து, கதிர் அதைக் கடக்கும்போது உண்டாகும் மின்னூட்டத்தை அளக்கும் கருவி உண்டு. சி.டி. இயந்திரத்தைச் சோதிக்க, மனிதத் தலைக்குப் பதிலாக 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளையையும், உடம்புக்குப் பதிலாக 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையையும் மேஜையில் வைத்து, அதிலுள்ள துளைகளில் பென்சில் போன்ற அந்தக் கருவியைச் செருகி அளக்கிறார்கள். அளக்கும் கருவியையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். நம் தேசத்தில் இதற்கான மூல அளவுகளை மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. சந்தையில் தராசுக்கு முத்திரை போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிணியாளி விஷயத்தில். ஒவ்வொரு சி.டி. ஸ்கேனுக்கும் முன்னும் பின்னும் இயந்திரத்தின் திரையில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று, படும் கதிரின் செறிவு. மற்றொன்று, அந்தச் செறிவை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கிய மொத்தம். தேவைக்கு மேல் நீளமாக ஸ்கேன் செய்தால் இரண்டாவது எண் ஏறிவிடும். ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அந்த எண்கள் பிளாஸ்டிக் உருளைக்கான எண்கள். நம் மெலிந்த உடம்புக்கும் குழந்தைகளுக்கும் உண்மையில் அதைவிட அதிகமாகவே படும். பெரிய உருளையின் கணக்கைச் சிறு குழந்தைக்கு அப்படியே வைத்தால், அந்தக் குழந்தை வாங்குவது திரையில் தெரிவதைப்போல இரு மடங்குக்கும் மேலாக இருக்கலாம். ஆகவேதான் குழந்தையின் பருமனை அளந்து, அதற்கேற்பக் கதிரைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

எண் இருந்தும் பாராமற்போனால்

அளவுக்கருவி இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் புகழ்பெற்ற ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்ததைச் சொல்லுகிறோம். பக்கவாதம் வந்தவர்களுக்கு மூளையின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஒருவகை சி.டி. ஸ்கேன் அங்கே எடுத்து வந்தார்கள். அந்த ஸ்கேனில் தலைக்கு 0.5 கிரே அளவுக்கு மேல் படக்கூடாது. ஆனால் 18 மாத காலத்தில் 206 பேருக்கு 3 முதல் 4 கிரே வரை பட்டிருந்தது. சுமார் எட்டு மடங்கு. ஒரு பிணியாளிக்குத் தலைமுடி கொட்டியது. அதை அவர் வந்து சொன்ன பிறகே விஷயம் வெளிப்பட்டது. 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசின் மருந்து, உணவு நிர்வாகம் நாடெங்கும் எச்சரிக்கை அனுப்பியது.

அந்த மருத்துவமனையில் வசதிக்குக் குறைவில்லை. கதிரின் அளவைக் காட்டும் எண் ஒவ்வொரு முறையும் திரையில் வந்துகொண்டேதான் இருந்தது. அமைப்பில் செய்த ஒரு மாற்றம், அடுத்தடுத்து வந்த ஒவ்வொருவருக்கும் தொடர்ந்தது. எண்ணைப் பார்த்து, "இது வழக்கத்தைவிட ஏன் இவ்வளவு அதிகம்?" என்று கேட்க ஆள் இல்லாமற்போயிற்று. அதன் பின்னர் கலிபோர்னியா மாநிலத்தில் ஒவ்வொரு சி.டி. அறிக்கையிலும் கதிரின் அளவைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்தது. 2012 ஜூலை முதல் அது அமலுக்கு வந்தது.

எங்கள் டெக்னீஷியன்களுக்கு இந்த நிகழ்ச்சியைப் பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். வழக்கமான அளவு என்ன என்பது சுவரில் ஒட்டியிருக்கும். அதைத் தாண்டினால் காரணம் எழுதவேண்டும். பிணியாளி பருமனாக இருந்தாரா, அசைந்துவிட்டாரா, திரும்ப எடுக்க நேர்ந்ததா? காரணம் இருந்தால் நல்லது. காரணம் இல்லையென்றால் இயந்திரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அளவு தெரியாத பயம்

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 1986-ஆம் ஆண்டு ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணு உலை வெடித்தது. தொலைவிலுள்ள கிரேக்க நாட்டில் விழுந்த கதிர் மிகக் குறைவு. சராசரியாக ஒருவருக்கு ஒரு மில்லிசீவர்ட்கூட இல்லை. ஆனால் செய்திகளும் வதந்திகளும் ஜனங்களைக் கலங்கடித்தன. மருத்துவர்களில் சிலரே கருவைக் கலைத்துவிடுவது நல்லது என்று ஆலோசனை சொன்னார்கள். பெற்றோர் விரும்பிக் காத்திருந்த சுமார் 2,500 கருக்கள் அந்தப் பயத்தினால் கலைக்கப்பட்டன என்று 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கதிர் அந்தச் சிசுக்களைத் தொடவில்லை. பயம் தொட்டது.

இது தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிட முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் ஓர் இளம்பெண் மாமியாரோடு எங்களைத் தேடி வந்தாள். இருமலுக்காக மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். பத்து நாள் கழித்துத்தான் கர்ப்பம் என்று தெரிந்திருக்கிறது. "ஊர்ல எல்லாரும் கலைச்சிடுன்னு சொல்றாங்க ஐயா. பிள்ளை ஊனமாப் பொறக்குமாம்" என்று அழுதாள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து படத்தை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். நாங்கள் அவர்களை இயற்பியலாளரிடமும் மகப்பேறு டாக்டரிடமும் அழைத்துப் போனோம். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேருவது ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 100 மில்லிகிரேக்குக் கீழே, கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமாகாது என்பது சர்வதேசக் குழுவின் தெளிவான வழிகாட்டுதல். டாக்டர் ஒரு காகிதத்தில் பத்தாயிரம் புள்ளிகள் வைக்க முடியாது என்று சொல்லி, ஒரு படி அரிசியைக் கொண்டுவரச் சொன்னார். "இந்த அரிசி எல்லாம் சேர்ந்தால்தான் ஆபத்துன்னு வை. உனக்குப் பட்டது ஒண்ணு ரெண்டு மணிதான் அம்மா" என்றார். மாமியார்தான் முதலில் சிரித்தார். அடுத்த வருடம் குழந்தையோடு இருவரும் வந்து காட்டிவிட்டுப் போனார்கள்.

எண்ணைச் சொன்னாலும் சண்டை வரலாம். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் எச்சரித்தார். லேசான நோய்க்கெல்லாம் சி.டி. எடுக்கவேண்டாம் என்பதே அவர் கருத்து. இந்தியக் கதிரியல் மருத்துவர் சங்கம் அது பழைய கணக்கு என்று மறுத்தது. எது சரி? 7 மில்லிசீவர்ட் என்று வைத்தால் 350 எக்ஸ்ரே. அதே நுரையீரலைக் குறைந்த கதிர் முறையில் 1 மில்லிசீவர்ட்டில் எடுத்தால் 50 எக்ஸ்ரே. எந்த இயந்திரம், எந்த அமைப்பு என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆகவே பத்திரிகையில் வரும் சராசரியைவிட, நம் அறையில் நம் இயந்திரத்தில் அளந்த எண்ணே நமக்கு உதவும்.

பிணியாளிக்கு உச்சவரம்பு ஏன் இல்லை?

ஊழியருக்கு உச்சவரம்பு உண்டு, பிணியாளிக்குக் கிடையாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு மூளையில் இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவேண்டிய நேரத்தில், "இந்த வருட அளவு முடிந்துவிட்டது" என்று சொல்ல முடியுமா? வரம்புக்குப் பதிலாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தப் படம் அவசியமா? அவசியமானால், நோய் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் குறைந்த கதிரில் எடுக்க முடியுமா? கதிரை மிகவும் குறைத்துப் படம் மங்கலாகிவிட்டால், பட்ட கதிரும் வீண், நோயும் தெரியாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சி.டி. எடுத்துக்கொண்ட ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான சிறுவர், இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இன்றைய வழக்கமான அளவில் சி.டி. எடுக்கும் 10,000 பிள்ளைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதனால் இரத்தப் புற்றுநோய் வகைகள் வரக்கூடும் என்று அது கணித்தது. இந்த எண் சிறியது. தேவையான ஸ்கேனை மறுக்கும்படி அது சொல்லவில்லை. தேவையில்லாததை எடுக்காதீர்கள் என்று சொல்லுகிறது.

"வயிற்றுக்கு ஈயத் துணி போடலையே ஐயா" என்று சிலர் குறைப்படுகிறார்கள். பல ஆண்டு வழக்கம் அது. ஆனால் படம் எடுக்கும் பகுதிக்குள் ஈயம் குறுக்கே வந்தால், இன்றைய இயந்திரங்கள் கதிர் போதவில்லை என்று எண்ணித் தாமாகவே கூட்டிவிடும். சில வேளை படம் மறைந்து திரும்ப எடுக்க நேரிடும். அதனால் பிணியாளிக்கு அதை வழக்கமாகப் போடவேண்டாம் என்று 2019-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அறிவித்தது. துணி போடவில்லை என்பது கவனக்குறைவு அல்ல.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

முதலாவது, பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். போன வாரம் எடுத்த படத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் அதே ஸ்கேனை மறுபடி எடுத்தவர்கள் அநேகர். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், கேட்கும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். "ஸ்கேன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், அலட்சியம் செய்கிறார் என்று நினையாதிருங்கள். "வேண்டும்" என்று சொன்னால், எதற்காக என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்படமாட்டார்.

இரண்டாவது, கொடுக்கிறவர்களாகிய உங்களுக்கு. ஒரு ஸ்கேன் இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தால் அதன்மேல் பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். ஒரு பிளாஸ்டிக் உருளைக்கும், அளவுக்கருவியைச் சரிபார்க்க மும்பைக்கு அனுப்பும் செலவுக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டைகளுக்குக் கட்டும் பணத்துக்கும், எண்களைத் தினமும் உட்கார்ந்து பார்க்கும் இயற்பியலாளரின் சம்பளத்துக்கும் யாரும் பெயர்ப்பலகை கேட்பதில்லை. ஆனால் இவை இல்லாத இடத்தில், எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் முடி கொட்டும்வரை உண்மையைச் சொல்லாது. உங்கள் உதவியில் ஒரு பகுதி இந்தக் காரியங்களுக்குப் போகிறது என்று கணக்கறிக்கையில் பார்க்கும்போது, அது வீண் செலவல்ல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அந்தப் பெஞ்சு மறுபடியும் நிரம்பிவிடும். அதே இரண்டு கேள்விகள் வரும். பதில் சொல்ல எங்களிடம் எண் இருக்கிறது.